புது ஊரில் வேலையும் வீடும் அமைய உதவும் மூன்று மாதத் திட்டம்: பயன்படுத்தி முடித்தபின் ஒரு மதிப்பீடு

புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு வேலை தேடவும், வீடு அமர்த்தவும், அடிப்படை ஆவணங்களைச் சேர்க்கவும் உதவுவதாகச் சொல்லும் ஒரு தனியார் சேவையில் மூன்று மாதத் திட்டத்தில் சேர்ந்து, அதைக் கடைசி நாள் வரை பயன்படுத்தி முடித்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய கடிதப் போக்குவரத்து இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். இதே மாதிரித் திட்டங்களைப் பல நிறுவனங்கள் ஏறக்குறைய இதே சொற்களில் விற்கின்றன என்பது இன்னொரு காரணம். ஆகவே, இத்தகைய திட்டம் ஒன்றில் எந்தப் பகுதி உண்மையில் கைகொடுக்கிறது, எந்தப் பகுதி விளம்பரத் தாளோடு நின்றுவிடுகிறது என்ற குறிப்பாக இதை வாசிக்கலாம்.

நான் எந்த நிலையில் அங்கே போய் நின்றேன் என்பதைச் சொல்லாமல் மதிப்பிடுவது நியாயமாகாது. பதினோரு ஆண்டுகள் சரக்குக் கிடங்குகளில் இருப்புக் கணக்கைப் பார்த்துவந்தவன் நான். கடைசி நான்கு ஆண்டுகள் ஆறு பேர் கொண்ட குழுவும் என் பொறுப்பில் இருந்தது. பணிபுரிந்த கிடங்கு மூடப்பட்டதும், இதே தொழிலுக்கு வாய்ப்பு அதிகமுள்ள இடம் என்று கேள்விப்பட்டு, குடும்பத்தைப் பின்னால் அழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் தனியாகக் கிளம்பினேன். கையில் ஐந்து மாதச் செலவுக்கான சேமிப்பு இருந்தது. அங்குள்ள மொழியில் பேசிச் சமாளித்துவிடுவேன். ஆனால் தொலைபேசியில் யாராவது வேகமாகப் பேசினால் பாதிதான் காதில் ஏறும். தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

திட்டத்தில் நான்கு பகுதிகள் இருந்தன: தன்விவரக் குறிப்பைத் திருத்தி எழுதித் தருவது, நம் சார்பில் அவர்களே வேலைகளுக்கு விண்ணப்பிப்பது, நேர்காணலுக்குப் பயிற்சி தருவது, வீடு முதல் வங்கிக் கணக்கு வரையிலான குடியமர்வு உதவி. இவை போக, ‘வாராந்திரச் சந்திப்பு’ என்று ஒன்று விளம்பரத் தாளின் கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், இலவச இணைப்பைப் போலக் குறிக்கப்பட்டிருந்தது. கட்டணத்தை இரண்டு தவணைகளில் கட்டலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது எல்லாரையும் போல நானும் முதல் இரண்டு பக்கங்களைத்தான் கவனமாக வாசித்தேன்.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். தன்விவரக் குறிப்புக்கான பகுதி, எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக இருந்தது. எனக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர் என் பழைய வேர்டு கோப்பைத் திறந்து, பாராட்டோ குறையோ சொல்லாமல், அதிலுள்ள அனைத்தையும் தெரிவுசெய்து, வெறும் எழுத்துகள் மட்டும் தங்கும் நோட்பேடில் ஒட்டிக் காட்டினார். அழகுக்காக நான் அட்டவணைக் கட்டங்களில் இடமும் வலமுமாகப் பிரித்து அடுக்கியிருந்தவையெல்லாம் வரிக்கு வரி கலந்து, ‘இருப்புக் கணக்கு மேற்பார்வை நீச்சல், சதுரங்கம்’ என்று ஒரே வரியாக வந்து நின்றன. என் பெயரும் தொலைபேசி எண்ணும் எங்கேயும் காணவில்லை. அவற்றைப் பக்கத்தின் தலைப்புப் பகுதியில் வைத்திருந்தேன். விண்ணப்பங்களை வாங்கிப் பிரித்தடுக்கும் மென்பொருள்களில் சில, ஒரு கோப்பை ஏறக்குறைய இப்படித்தான் வாசிக்கின்றன என்று அவர் விளக்கினார். கிளம்புவதற்கு முன்பே அதே கோப்பை நாற்பது இடங்களுக்காவது அனுப்பியிருப்பேன். அவற்றில் எத்தனை இடங்களில் பெயரில்லாத நீச்சல்காரனாகப் போய்ச் சேர்ந்தேனோ.

அடுத்து அவர் செய்தது அதைவிடப் பயனுள்ளது. நான் வந்த இடத்தில் என் பதவியின் பெயர் ‘இருப்பு அதிகாரி’. ‘அதிகாரி’ என்ற அந்த ஒரு சொல், புது இடத்தில் என்னை நிர்வாக மேலாளர்களின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த வரிசைக்கு என் தகுதிகள் போதவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்டுள்ள தொழில் வகைப்பாட்டின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பை அவர் திரையில் திறந்தார். உலகிலுள்ள வேலைகளையெல்லாம் 10 பெரும் பிரிவுகளாகவும், படிப்படியாக இறங்கிக் கடைசியில் 436 சிறு பிரிவுகளாகவும் அது பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் கொடுத்திருக்கிறது. முதல் இலக்கம் 1 என்றால் மேலாளர்கள். 4 என்றால் எழுத்தர், அலுவலக உதவிப் பணிகள். நான் அன்றாடம் செய்த வேலை 4321 என்ற எண்ணின் கீழ் வரும் இருப்பு எழுத்தர் பணி. கடைசி நான்கு ஆண்டுகளில் பார்த்த பொறுப்பு, 1324 என்ற எண்ணின் கீழ் வரும் வழங்கல், விநியோக மேலாளர் பணியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதவிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், செய்யும் வேலை மாறாது என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் அந்த இரண்டு எண்களின் கீழிருந்த விளக்கங்களை வாசித்தபோதுதான், என் வேலையை அந்நியர் ஒருவருக்கு எந்தச் சொற்களில் சொல்ல வேண்டும் என்பது பிடிபட்டது. இரண்டு விதமாகத் தன்விவரக் குறிப்பை எழுதிவைத்தோம்: ஒன்று எழுத்தர் பணிகளுக்கு, மற்றொன்று மேற்பார்வைப் பணிகளுக்கு. இதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

குறை அடுத்த பகுதியில், அதாவது நம் சார்பில் அவர்களே விண்ணப்பிக்கும் பகுதியில் இருக்கிறது. திட்டத்தின் விலையில் பெரும்பங்கு இதற்குத்தான் என்பதை அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். வாரத்துக்கு இத்தனை விண்ணப்பங்கள் என்று எண்ணிக்கை வைத்து, விளம்பரத்தில் ‘கிடங்கு’ என்ற சொல் தென்பட்ட இடங்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். சரக்கு ஏற்றும் வேலை, குளிர்சாதனக் கிடங்கின் மின்பராமரிப்பு வேலை, தகவல்களைச் சேமிக்கும் ‘தரவுக் கிடங்கு’ தொடர்பான கணினி வேலை என்று, எனக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத பல இடங்களுக்கு என் பெயர் போயிற்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓர் அறிக்கை வரும். அதில் அனுப்பிய எண்ணிக்கை தடித்த எழுத்தில் இருக்கும், பதில் வந்த எண்ணிக்கை கீழே சிறிய எழுத்தில் இருக்கும்.

இதனால் ஒரு கைக்கெட்டிய வாய்ப்பும் போயிற்று. நானாகவே தேடிக் கண்டுபிடித்து, நிறுவனத்தைப் பற்றி வாசித்து, மூன்று நாள் உழைத்து மேற்பார்வைப் பணி ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். நேர்காணலுக்கும் அழைப்பு வந்தது. எதிரில் அமர்ந்தவர் இரண்டு தாள்களை மேசைமீது பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது நீங்கள் என்று கேட்டார். அதே நிறுவனத்தில் வேறொரு பணிக்கு, எழுத்தர் வேலைக்காக எழுதிவைத்த குறிப்பை, எனக்குத் தெரிவிக்காமலேயே சேவை நிறுவனத்தார் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றில் நான் குழுவை வழிநடத்தியவன். மற்றொன்றில் அந்தக் குழு இருந்த சுவடே இல்லை. இரண்டிலும் பொய் இல்லை என்று விளக்கினேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார், அவ்வளவுதான். இதைப் புகாராக எழுதியபோது, ஒரே நிறுவனத்துக்கு இரண்டு முறை விண்ணப்பிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை என்று பதில் வந்தது. உண்மைதான், எங்கும் இல்லை.

இந்த இடத்தில் கட்டணம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் மாதம், ‘வேலை தருபவரிடம் நேரடி அறிமுகம்’ என்ற பெயரில் ஒரு கூடுதல் திட்டத்தை அவர்கள் முன்வைத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம். நான் மறுத்துவிட்டேன். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட 181ஆம் எண் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, முகமைகள் தொழிலாளரிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ பகுதியாகவோ எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்கிறது. சில வகைத் தொழிலாளர்களுக்கும் சேவைகளுக்கும் விலக்கு அளிக்க அதே பிரிவு இடம் தருகிறது. மேலும் அதை ஏற்று உறுதி செய்த நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். ஆனாலும் நமக்கு ஓர் அளவுகோலாக அது பயன்படும். தன்விவரக் குறிப்பு எழுதித் தருவதற்கும் பயிற்சிக்கும் நாம் பணம் கொடுப்பது வேறு. வேலையில் அமர்த்திவிடுவதற்கு நம்மிடமே பணம் கேட்பது வேறு. ஆள் தேவைப்படுபவர்தான் ஆள் தேடியதற்கான கூலியைக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே விலைப்பட்டியலில் கலந்து வைத்திருக்கும் சேவையிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நேர்காணல் பயிற்சி மூன்று அமர்வுகள். முதலாவது வீண், உங்கள் பலவீனம் என்ன என்பது போன்ற கேள்விகளுக்கு மனப்பாடமாக ஒரு விடை. இரண்டாவதில் என்னைக் காணொளியாகப் பதிவுசெய்து போட்டுக் காட்டினார்கள். ஒரு கேள்விக்கான விடையில் பதினான்கு முறை ‘நாங்கள்’ என்று சொல்லியிருந்தேன். ‘நான்’ ஒருமுறைகூட வரவில்லை. தன்னைத் தானே முன்னிறுத்திப் பேசக் கூடாது என்று வளர்ந்தவனுக்கு அது பணிவு. எதிரே இருப்பவருக்கோ, இவர் தனியாக என்ன செய்தார் என்பதே தெரியவில்லை. மூன்றாவது அமர்வு அதைச் சரிசெய்வதிலேயே கழிந்தது. பயனுள்ள ஒன்றரை மணி நேரம் என்று அதை மட்டும் சொல்வேன்.

இனிக் குடியமர்வு உதவி. வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதுபோல இதைத் தனிப் பிரிவாக வைத்து, வேறோர் ஆலோசகரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். திட்டத்தின் அடிப்படைப் பிழை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதிதாக வருபவருக்கு வேலையும் குடியமர்வும் இரண்டு தனித்தனிக் காரியங்கள் அல்ல. வங்கியில் கணக்குத் தொடங்க முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட, வீட்டு உரிமையாளர் சம்பளச் சீட்டைக் கேட்கிறார். சம்பளச் சீட்டுக்கு வேலை வேண்டும். வேலையில் சேரும் நாளன்று வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கிறார்கள். எந்த முனையில் பிடித்தாலும் இன்னொரு முனை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் முதல் மூன்று வாரங்கள், இந்த வட்டத்தை எங்கே உடைப்பது என்று தெரியாமல், ஒவ்வொரு கவுன்டராக ஏறி இறங்கியதில் போயின.

குடியமர்வு ஆலோசகர் மின்னஞ்சலில் இணைப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தார். வாடகை வீட்டு விளம்பரங்கள், வங்கிகளின் முகப்புப் பக்கங்கள், பேருந்துக் கால அட்டவணை. இவற்றை எவரும் தேடினால் கிடைக்கும். வீட்டு உரிமையாளரிடம் காட்டுவதற்கென்று, ‘இவர் எங்கள் வாடிக்கையாளர்’ என்று தங்கள் முத்திரையோடு ஒரு கடிதமும் கொடுத்தார்கள். நான் சந்தித்த உரிமையாளர்களில் ஒருவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் என் கையிலேயே கொடுத்துவிட்டார். மாறாக, முந்தைய வீட்டின் உரிமையாளரிடம் நான் கேட்டு வாங்கி வந்திருந்த நான்கு வரிக் கடிதத்துக்கு மதிப்பு இருந்தது. இத்தனை ஆண்டுகள் குடியிருந்தார், வாடகை ஒருமுறையும் தவறவில்லை, வீட்டை நல்ல நிலையில் ஒப்படைத்தார் என்று மட்டுமே அதில் இருந்தது. கிளம்புவதற்கு முன் அப்படியொரு கடிதம் வாங்கிவைக்கச் சொல்லும் குறிப்பு, அந்நிறுவனத்தின் தாள்களில் எங்கும் இல்லை.

பாராட்ட வேண்டிய ஒன்று, சான்றிதழ்களைப் பற்றிய அவர்களுடைய விளக்கம். நாடு விட்டு நாடு செல்பவர்களுக்காக, அப்போஸ்டில் எனப்படும் சான்றொப்பத்தைப் பற்றி ஒரு தாள் வைத்திருந்தார்கள். அது தெளிவாக எழுதப்பட்டது. 1961ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி ஹேகில் முடிவான உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடு ஒன்றில் வழங்கப்பட்ட பொது ஆவணத்துக்கு அந்த நாட்டிலேயே இந்த ஒரு சான்றை இணைத்துவிட்டால், இன்னோர் உறுப்பு நாட்டின் தூதரகத்தில் மீண்டும் அத்தாட்சி பெற வேண்டியதில்லை. பலர் அறியாதது, அப்போஸ்டில் எதைச் சான்றளிக்கிறது என்பது. ஆவணத்திலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை, கையெழுத்திட்டவர் அந்தப் பதவியில் இருந்தவர் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்றோ, உங்கள் பட்டம் அங்கே செல்லும் என்றோ சொல்வதில்லை. பட்டம் அங்குள்ள படிப்புக்கு இணையானது என்ற சான்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு இந்தத் தாள் கையில் கிடைப்பதுதான் சங்கடம், ஏனென்றால் வழங்கிய நாட்டில்தான் அந்தச் சான்றைப் பெற முடியும். சேருவதற்குப் பணம் கட்டிய அன்றே இதை அனுப்பியிருக்கலாம்.

அவர்கள் சொல்லாமல் விட்டதில் என்னை அதிகம் படுத்தியது தொலைபேசி எண். வந்து இறங்கியதும் புது சிம் வாங்கி, பழையதை எடுத்துப் பர்ஸுக்குள் வைத்துவிட்டேன். என் சேமிப்பு முழுவதும் பழைய வங்கியில். அந்த வங்கியின் ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் கிளைக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். பழைய எண்ணுக்குப் பணம் போட்டு, வெளியூரில் குறுஞ்செய்தி வரும்படி அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு வரிக் குறிப்பு போதும். என்னுடைய ஐந்து நாட்கள் மிச்சமாகியிருக்கும். நான் பிறகு இதை எழுதி அனுப்பினேன். நல்ல யோசனை என்று நன்றி சொன்னார்கள்.

மனநிலை பற்றியும் ஓர் அமர்வு உண்டு. திரையில் ஒரு வளைகோடு வரைந்து, முதலில் உற்சாகம், பிறகு சோர்வு, பிறகு மெல்ல மெல்லப் பழக்கம், இதுதான் எல்லாருக்கும் நடக்கும் என்றார் அமர்வை நடத்தியவர். 1955ஆம் ஆண்டு ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வேக்காரர், அமெரிக்காவில் உதவித்தொகையில் தங்கித் திரும்பிய நார்வே நாட்டவர்களிடம் செய்த ஆய்விலிருந்து வந்த கோடு அது. ஆறு மாதத்துக்கும் குறைவாகவும் பதினெட்டு மாதத்துக்கு மேலாகவும் தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்கள் குறைவாக ஒன்றியிருந்ததாக அவர் கண்டார். ஆனால் அவர் ஒரே ஆட்களை மாதாமாதம் பின்தொடர்ந்து கேட்கவில்லை. வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டார். அதை வைத்து, இத்தனையாவது மாதம் உங்களுக்குச் சோர்வு வரும் என்று ஒருவருக்கு நாள் குறித்துச் சொல்வது சோதிடத்துக்கு அருகில் போகிறது. என் சோர்வு முதல் வாரமே வந்தது. உற்சாகத்துக்கு அவகாசமே இருக்கவில்லை. அமர்வில் ஒருவர், நான் இப்போது கோட்டில் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று கவலையோடு கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இனி அந்தக் கடைசி வரி, வாராந்திரச் சந்திப்பு. வியாழன்தோறும் மாலை இரண்டு மணி நேரம், நடப்பில் திட்டத்தில் இருப்பவர்களும் முன்பு இருந்து முடித்தவர்களும் ஓர் அறையில் கூடலாம். நிகழ்ச்சி நிரல் இல்லை, பேச்சாளர் இல்லை, வருகைப் பதிவும் இல்லை. நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். முதலில் வருபவர் அவற்றை வட்டமாக இழுத்துப் போடுவார். முதல் இரண்டு வாரம் நான் போகவில்லை. வேலை தேடுகிறவன் வேலை தேடுகிறவர்களோடு உட்கார்ந்து என்ன கிடைக்கப் போகிறது என்ற எண்ணம்.

அந்த எண்ணம் தவறு என்பது ஆய்வாளர்கள் வெகுகாலம் முன்பே எழுதிவைத்த செய்தி. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், அறிமுகமானவர் வழியாக வேலை பெற்ற 54 பேரிடம், தகவல் சொன்னவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்துவந்தீர்கள் என்று கேட்டதைக் குறிப்பிடுகிறார். அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே; மற்றவர்களெல்லாம் எப்போதாவதோ அரிதாகவோ சந்தித்தவர்கள் மூலம் தகவல் பெற்றவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி நிற்பவர் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார் என்பது அவருடைய விளக்கம். மிகச் சிறிய கணக்கெடுப்புதான். ஆனால் 2022ஆம் ஆண்டு, லிங்க்டின் தளத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேரிடம் ஐந்தாண்டுக் காலம் நடத்தப்பட்ட பரிசோதனைகளின் முடிவும் அதே திசையில் வந்தது. ஒரேயடியாக அந்நியமும் அல்லாத, நெருக்கமும் அல்லாத அறிமுகங்களே வேலை மாற அதிகம் உதவின. ஊர் மாறி வந்தவனிடம் இல்லாதது துல்லியமாக இந்த வகை அறிமுகங்கள்தான். நெருங்கியவர்களை அவன் தொலைபேசியில் கொண்டுவந்துவிடுகிறான். தெருமுனையில் தலையசைப்பவர்களைக் கொண்டுவர முடியாது.

நட்பு அமைந்ததா என்று கேட்டால், இல்லை, அதற்குக் காலம் போதாது. ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், புதிதாக இடம் மாறிய பெரியவர்களையும் புதிதாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களையும் கேட்டு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, அறிமுகம் என்பது மேலோட்டமான நட்பாவதற்கே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். நான் தவறவிட்டவற்றையும் சேர்த்தாலும் மூன்று மாதச் சந்திப்புகள் மொத்தம் 26 மணி நேரத்தைத் தாண்டாது. அதாவது, மேலோட்டமான நட்புக்கே பாதித் தூரம். ஆனால் வேலைத் தகவலுக்கு அந்தப் பாதித் தூரம் போதுமானதாக இருந்தது.

ஆறாவது வாரம், திட்டத்தை முன்பே முடித்திருந்த ஒருவர், தான் வேலை பார்க்கும் கிடங்கில் ஆண்டிறுதி இருப்பெண்ணிக்கைக்கு மூன்று வாரத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொன்னார். அலமாரி அலமாரியாகப் போய், பார்கோடு கருவியால் ஒவ்வொரு பெட்டியையும் வருடி, கணினி சொல்லும் எண்ணிக்கையோடு ஒப்பிடும் வேலை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் தொழிலில் நுழைந்தபோது செய்தது. என் வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் சொன்னபோது வேண்டாம் என்று உறுதியாகத் தடுத்தார். உங்கள் தகுதிக்கு இறங்கிய வேலை, குறிப்பில் அது கறையாக நிற்கும், மேற்பார்வைப் பதவிக்குக் காத்திருங்கள் என்பது அவர் வாதம். அவருடைய பிரிவின் கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் வாடகைக்கு வீடு தேடி நான் அலைவது அவருக்குத் தெரியாது. அது பக்கத்து மேசைக்காரரின் கோப்பு. தற்காலிக வேலை என்பது அவர் கண்ணுக்குக் குறைந்த சம்பளமாகத் தெரிந்தது. எனக்கோ அது ஒரு சம்பளச் சீட்டு.

வேலையில் சேர்ந்தேன். சம்பளத்தைக் காசோலையாகத் தர ஒப்புக்கொண்டார்கள். தங்கியிருந்த விடுதியின் முகவரியை அலுவலகத்தார் தங்கள் கடிதத்தாளில் குறிப்பிட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை ஒரு வங்கிக் கிளை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் வார இறுதியில் என் பெயரும், வந்த நாட்களும், பிடித்தம் போக மீதியும் அச்சிட்ட ஒரு சிறு தாள் கையில் கிடைத்தது. தொகை பெரிதல்ல. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று மாலையே வீட்டு உரிமையாளர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை வாசித்துவிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். வாரக்கணக்கில் இறுகியிருந்த வட்டம் அங்கே அவிழ்ந்தது. நிலையான வேலை அதற்குப் பிறகு ஏழு வாரம் கழித்துக் கிடைத்தது, மேற்பார்வைப் பதவியாக இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு படி கீழே. அந்த விண்ணப்பத்தை அனுப்பியது நான்தான். ஆனால் அதில் இணைத்தது ஆலோசகர் திருத்தித் தந்த குறிப்பு. ஆகவே சேவையால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

இதே போன்ற திட்டத்தில் சேர நினைப்பவருக்கு என் கணக்கு இது. தன்விவரக் குறிப்பும் நேர்காணல் பயிற்சியும் தனியாக வாங்கக் கிடைத்தால் வாங்கலாம். நம் சார்பில் விண்ணப்பிக்கும் பகுதியை வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், எந்த விண்ணப்பமும் உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே ஆலோசகரைக் கேளுங்கள். ‘உத்தரவாதம்’ என்ற சொல் எங்கே வந்தாலும், எதற்கு உத்தரவாதம் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்; என் ஒப்பந்தத்தில் அது நேர்காணல் அழைப்புக்கு, வேலைக்கு அல்ல. சந்திப்புகளுக்கு முதல் வாரமே போங்கள். கட்டணம் கட்டாதவர்களும் வரலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். அறையைத் திறந்துவைக்கும் ஊழியர், யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டது, அந்த இரண்டு தாள் நேர்காணலுக்காக. விண்ணப்பிக்கும் பகுதிக்கான கட்டணத்தை மட்டும் திருப்பித் தரும்படி எழுதினேன். ஒப்பந்தத்தின் ஐந்தாம் பக்கத்தின்படி, மூன்று மாதமும் தவறாமல் வாராந்திரப் படிவத்தை நிரப்பியவர்களுக்குத்தான் அந்த உரிமை உண்டு என்று பதில் வந்தது. எல்லாப் படிவங்களையும் நிரப்பியிருக்கிறேன் என்று நகல்களை அனுப்பினேன். முதல் ஐந்து வாரப் படிவங்கள் முழுமையானவை அல்ல, அவற்றில் முகவரிச் சான்று இணைக்கப்படவில்லை என்று சென்ற வாரம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஐந்து வாரமும் நான் விடுதியில் இருந்தேன், வீடு தேடித் தருவது அவர்கள் பொறுப்பில் இருந்தது என்று நேற்று பதில் எழுதினேன்.